விரதம் இருந்த கால்கள்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கால்கள் இரண்டும் உறுதியாக நிற்க வேண்டும் என்று முருகனிடம் நேர்த்தி வைத்து, அந்தக் கால்களுக்கே சோறு போடாமல் பட்டினி போட்டு, விரதத்தின் ஐந்தாம் நாள் அவற்றைக் கூட்டிக்கொண்டு, பலகை கட்டிச் சறுக்குகிற ஸ்கீ பண்ணப் போனவன் நான். இதை எழுதும்போது பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தால் எழுதி முடிக்க விடமாட்டார்கள்.

டென்மார்க் தட்டையான நாடு. வானமலை என்று பேர் வைத்த ஒரு குன்று யூலாந்தில் இருக்கிறது. வாயில் போட்ட இனிப்புக் கரைவதற்குள் அதன் உச்சிக்குப் போய்விடலாம். அதனால் மாசி மாதத்துப் பாடசாலை விடுமுறை வந்தால் சனங்கள் காரின் தலையில் பலகைகளைக் கட்டிக்கொண்டு சுவீடனுக்கும் நோர்வேக்கும் ஓடுவார்கள். கோபன்ஹேகனுக்குப் பக்கத்து டோஸ்ட்ருப்பில் இத்தனை வருடம் இருந்துவிட்டு நாங்கள் மட்டும் ஓடாமல் இருக்கலாமா? மூன்று வருடமாக நாங்களும் ஓடுகிறோம். நாங்கள் என்றால் நான், மனைவி, கோபன்ஹேகனில் அறை எடுத்துப் படிக்கிற மகள். மகள் மலையில் வழுக்கி வருவதைப் பார்த்தால் தண்ணீர் ஓடிவருவது போல இருக்கும். மனைவி சேலைக்குக் கொய்யகம் மடிக்கிற நிதானத்தோடு இறங்குவாள். ஒருநாளும் விழுந்ததில்லை.

நானும் விழவில்லை. போன வருடம் முதல்நாள் பதினொரு மணிக்கே என் தொடைகள் வேலைநிறுத்தம் செய்தன, அவ்வளவுதான். ஈரமணல் நிரப்பிய இரண்டு சாக்குகளை இடுப்பில் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. பருவத் தொடக்கத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் என்று மகள் சொன்னாள். எல்லாருக்கும் மறுநாள் சரியாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை. மீதி ஐந்து நாளும் வாடகைக்கு எடுத்த மரவீட்டில் இருந்து ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன். கறி மிக நன்றாக வந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. இந்த வருடமும் அப்பா வீட்டில் நின்று கறி வைக்கட்டும், அவருக்கு மலையேற்றுகிற லிஃப்டுக்கு அட்டை எதற்கு என்று ஒரு கருத்து வீட்டுக்குள் மெல்ல வளர்ந்தது.

எனக்கு அந்த மலையின் உச்சியைப் பார்க்க வேண்டும். பைன் மரங்களுக்கு மேலால், ஆட்களை இருத்திக்கொண்டு லிஃப்ட் கதிரைகள் கம்பியில் தொங்கித் தொங்கிப் போவதை ஐந்து நாளும் குசினி யன்னலால் பார்த்தவன் நான். அந்தக் கதிரை ஒன்றில் இருந்து, காலை ஆட்டிக்கொண்டு மேலே போக வேண்டும். ஐம்பத்து நாலு வயது ஆளுக்கு இது சின்ன ஆசையா, பெரிய ஆசையா என்று தெரியவில்லை.

நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை மகள் தொலைபேசியில் கேட்டாள்.

“அப்பா, லிஃப்ட் அட்டை ஞாயிற்றுக்கிழமைக்குள்ள போடோணும். உங்களுக்கும் எடுக்கிறதோ, விடுறதோ?”

“எடு பிள்ளை. இதென்ன கேள்வி.”

“போன முறையும் எடுத்தனாங்கள். அது உங்கட ஜக்கெட்டுக்குள்ளயே கிடந்தது.” பிறகு டேனிஷில் ஏதோ கணக்குப் போட்டுவிட்டுத் தமிழுக்குத் திரும்பினாள். “சனிக்கிழமை வாங்கோ. குப்பை ஆலையில பத்துத்தரம் இறங்குங்கோ. இடையில குந்தி இருக்கக் கூடாது. இருக்காமல் இறங்கினால் எடுக்கிறன்.”

குப்பை ஆலை என்றால், தலைநகரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் கட்டடம். மலை இல்லாத நாட்டுக்காரர் அதன் கூரையைச் சரித்து, பச்சைப் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, அதில் ஸ்கீ பண்ணுகிறார்கள். இவர்களை எனக்குப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுநாள் கந்தசஷ்டி தொடங்கியது. மனைவி ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் பிடிப்பாள். நான் வழக்கமாக மரக்கறியோடு நின்றுவிடுவேன். வேலையிடத்துக் கன்டீனில் அந்த மரக்கறிக்குள் சில நேரம் மீனும் நீந்தி வரும். இந்த முறை எனக்கு ஞானம் பிறந்தது. மலைகளுக்கெல்லாம் அதிபதி முருகன்தானே. அவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? “நானும் உன்னோட பிடிக்கிறன், பாலும் பழமும்தான்,” என்றேன். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தாள்.

முருகனோடு மட்டும் நிற்கவில்லை. பயிற்சியும் தொடங்கினேன். வேலை செய்கிற களஞ்சியத்தில் கோப்பி இடைவேளைக்கு எல்லாரும் போனதும், சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரை இல்லாமலே கதிரையில் இருப்பது போல இருப்பேன். தொடை நெருப்பாக எரியும். மூன்றாம் நாள் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிற டேனிஷ்காரர் என் முன்னால் வண்டியை நிறுத்தினார். கழிப்பறை அந்தப் பக்கம் இருக்கிறது, திறந்துதான் இருக்கிறது என்று மிகுந்த அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை மாலைகூட விடவில்லை. சோதனைக்கு முதல்நாள் கால்களை ஆறவிட வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன். அவ்வளவு உற்சாகம்.

சனிக்கிழமை காலை மனைவியிடம், மகளோடு கடைக்குப் போகிறேன் என்றேன். விரதக்காரன் பலகை கட்டிச் சறுக்கப் போகிறான் என்றால் அவள் கதவைப் பூட்டிவிடுவாள். மகளிடம் விரதத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. தெரிந்தால் சோதனையே நடக்காது, அட்டையும் இல்லை. இரண்டு பேரிடமும் பாதிப் பாதி உண்மையைச் சொல்லியிருந்ததால் மொத்தத்தில் ஒரு முழு உண்மையைச் சொன்ன திருப்தி எனக்கு இருந்தது.

வாடகைச் சப்பாத்துக்குள் என் கால் போகவில்லை. மகள் குனிந்து பார்த்தாள்.

“எத்தினை சொக்ஸ் அப்பா?”

“மூண்டு. குளிரெல்லோ.”

“ரத்தம் எப்பிடி ஓடுறது? போன முறையும் மூண்டோ?”

நான் கூரையைப் பார்த்தேன். அவள் இரண்டு சோடியைக் கழற்றித் தன் பைக்குள் போட்டாள். விழுந்தால் உடையும் என்று என் தொலைபேசியையும் வாங்கித் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அதை நான் கொடுத்திருக்கவே கூடாது.

நகரும் பட்டையில் ஏறி நின்றால் அதுவே மேலே கொண்டுபோய் விடுகிறது. மேலே காற்று முகத்தில் அடித்தது. கீழே கப்பல்கள், கடலுக்குள் வரிசையாகச் சுழலும் காற்றாலைகள், தூரத்தில் சுவீடன் ஒரு சாம்பல் கோடாக. என் உச்சி அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் எங்கேயோ இருக்கிறது. பலகையைத் திருப்பினேன். விரிப்பு சர்ரென்று கத்தியது. காதுக்குள் காற்று, பல்லுக்குள் காற்று. கீழே வந்து நின்றபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதே கன்னம் வலித்த பிறகுதான் தெரிந்தது.

“ஒண்டு,” என்றாள் மகள்.

இரண்டும் மூன்றும் அப்படியே பறந்தன. நாலாவதில் சாக்குகள் வந்து சேர்ந்தன. அதே ஈரமணல். ஐந்தாவதில் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்தேன். சாயச் சாயத் தொடை இன்னும் எரிந்தது.

“பின்னால சாயாதேங்கோ,” மகள் பக்கத்தில் வழுக்கியபடி கத்தினாள். “சப்பாத்தின்ர நாக்கில முழங்காலை முட்டுங்கோ. ரோலி அப்பா, ரோலி.”

ரோலி என்றால் டேனிஷில் அமைதியாக, ஆறுதலாக. பச்சைக் கூரையில் கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருக்கிற ஒருவனிடம் அதைச் சொல்வது சுலபம்.

ஆறாவது முடிந்து கீழே வந்தபோது கண்ணுக்கு முன்னால் சின்னச் சின்னப் பூச்சிகள் பறந்தன. தடியைப் பிடித்துக்கொண்டு, இயற்கையை ரசிப்பவன் போல நின்றேன். அப்போதுதான் மகளின் சட்டைப்பைக்குள் என் தொலைபேசி அடித்தது. அவளுக்குக் கையுறை கழற்றப் பஞ்சி, சோம்பல். மூக்கு நுனியால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“எங்கயப்பா நிக்கிறியள்?” மனைவியின் குரல். “வரேக்க பாரணைக்குக் கத்தரிக்காய் வாங்குங்கோ.”

“அம்மா, நான் கதைக்கிறன். அப்பா ஸ்கீயில நிக்கிறார்.”

“ஆர்? விரதத்தோடயோ?”

“என்ன விரதம்?”

இரண்டு பாதி உண்மைகளும் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டன. நான் காற்றாலைகளை எண்ணினேன்.

“அஞ்சு நாளாப் பாலும் பழமும்தான் பிள்ளை. இண்டைக்குக் காலமை அரை வாழைப்பழம். மிச்சத்தை வைச்சிட்டுப் போயிட்டார், வயிறு பாரமா இருந்தால் கெதியா நடக்கேலாதாம்.”

மகள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். “அப்பா, கால் எதில ஓடுது எண்டு நினைச்சியள்? பற்றரியிலயோ?”

“முருகன்ர நேர்த்தி பிள்ளை,” என்றேன். “கால் நிக்கோணும் எண்டு.”

“கால் நிக்கிறதுக்குப் பட்டினியோ?” தொலைபேசிக்குள் மனைவி சிரிக்கிறாளா திட்டுகிறாளா என்று பிரிக்க முடியவில்லை. “முருகன் கேட்டவரோ, உங்களை விழுந்து சாகச் சொல்லி? பாலும் பழமும் எடுக்கலாம்தானே. இப்ப எடுங்கோ. முதல்ல இருங்கோ.”

“இருந்தால் சோதனை போச்சு,” என்றேன்.

“சூடான சொக்லேட் இருக்கு அம்மா,” என்றாள் மகள். “அது பால்தானே?”

இந்தக் கேள்விக்கு எந்த ஐயரும் பதில் எழுதி வைத்திருக்க மாட்டார். “முட்டை போடாட்டிக் குடுக்கலாம்,” என்று தொலைபேசியிலிருந்து தீர்ப்பு வந்தது.

கீழேயுள்ள கோப்பிக்கடை மர வாங்கில் மகள் என்னை இருத்தினாள். இரண்டு கோப்பை சொக்லேட், மூன்று வாழைப்பழம். அவள் என் சப்பாத்துக் கொளுக்கிகளைத் தளர்த்திவிட்டு எதிரே நின்றாள். அரை மணி நேரத்தில் பூச்சிகள் பறந்து போயின. பாதத்துக்குள் இளஞ்சூடு ஏறியது. ஆனால் நான் இருந்துவிட்டேன். அந்த வாங்கில் இருந்தபடியே இன்னொரு வருடக் கறி மணத்தது.

“பிள்ளை, நான் இருந்தது வயித்துக்காக. காலுக்காக இல்லை.”

“ம்.”

“நீ சொன்னது கால் சோதனை.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். முகத்தில் அவளுடைய தாயின் நீதிமன்றம் தெரிந்தது. “இன்னும் நாலு. ஆறுதலா, முன்னால சாய்ஞ்சு. தலை சுத்தினால் அந்த இடத்திலயே நிக்கோணும். பொய் சொல்லக் கூடாது.”

ஏழாவதில் முழங்காலைச் சப்பாத்தின் நாக்கில் முட்டினேன். என்ன அதிசயம், தொடைக்கு வேலை குறைந்துவிட்டது. இவ்வளவு நாளும் நான் என் பயத்தையே தொடையில் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். பெரிய வளைவாக எடுத்தேன், வளைவின் நடுவில் மூச்சை விட்டேன். கால் பாரம்தான், ஆனால் சொன்னதைக் கேட்டது. எட்டாவதில் ஒரு டேனிஷ்காரரை முந்தினேன். அவர் கையுறையைச் சரிசெய்வதற்காக நின்றுகொண்டிருந்தார். முந்தினது முந்தினதுதான். ஒன்பதாவதில் மகள் எனக்கு முன்னால் போய்த் திரும்பி, பின்பக்கமாக வழுக்கியபடி என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளும் சிரித்தாள்.

பத்தாவதை எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. காற்று மட்டும் நினைவிருக்கிறது. கீழே வந்து தடி இரண்டையும் தலைக்கு மேலே தூக்கினேன். மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவர் கைதட்டினார்.

மகள் கையுறையைப் பல்லால் கழற்றித் தொலைபேசியில் ஏதோ தட்டத் தொடங்கினாள். என் பெயரை எழுதுவது தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பருவம் முடிவதற்குள் நான் கடினமான சிவப்புப் பாதையில் இறங்குவேன், முதல்நாளே உச்சிக்குப் போய்ப் படம் எடுத்து வேலையிடத்துக்கு எல்லாம் அனுப்புவேன், அந்த ஆறு நாளும் காலையில் கதிரை ஓடத் தொடங்கினால் மாலையில் நிறுத்தும் வரைக்கும் என்னைக் கீழே காணவே முடியாது என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் கடைசிப் பொத்தானை அழுத்திவிட்டுத் தொலைபேசியைப் பைக்குள் வைத்தாள்.

“எடுத்திட்டியோ பிள்ளை? முழுநாளுக்குமோ?”

“காலமை மட்டும். மத்தியானம் கறி வைக்கோணுமெல்லோ.”