பெரியத்தாவின் உள்ளங்கை

அத்தா என்றால் எங்களுக்கு அப்பா; அவருடைய அண்ணனை நாங்கள் பெரியத்தா என்போம். மஞ்சக்குப்பம் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். வண்டி ஓடுகிறதோ இல்லையோ, வாய் ஓடும். ஏறுகிறவர்களிடம் ஊர் விசாரித்து, சம்பந்தம் பேசி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுத் திட்டு வாங்குவார். அப்படிப்பட்ட மனிதரைத்தான் கடைசி நாளில் வீடே சேர்ந்து பேசாமல் இருக்க வைத்தது.

வயிற்றில் புற்றுநோய். இனி வீட்டில் வைத்து, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். செம்மண்டலம் வீட்டுக்கே ஒரு நர்ஸ் ஸ்கூட்டியில் வருவார். மருந்து கொடுப்பார், புண் துடைப்பார், முதுகு புண்ணாகாமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று பெரியம்மாவுக்குக் காட்டிக்கொடுப்பார். நெற்றியில் திருநீறு. நாங்கள் சிஸ்டர் என்போம். அவர் பெரியத்தாவை பாய் என்பார்.

சிதம்பரத்திலிருந்து நாங்கள் போய் இறங்கிய அன்று காலையில் பெரியத்தா கலிமா சொல்லிவிட்டார். சாகும்போது கடைசி வார்த்தை, அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை என்கிற இந்தக் கலிமாவாக இருக்க வேண்டும் என்பது நாங்கள் எல்லோரும் அல்லாஹ்விடம் கேட்கிற பாக்கியம். சொன்ன பிறகு வேறு பேச்சு வந்துவிட்டால் அது கடைசி வார்த்தையாகிவிடும். பெரியம்மா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார்.

"யாரும் எதுவும் கேக்காதீங்க. கேட்டா இவுங்க சும்மா இருக்க மாட்டாங்க."

"மச்சானாவது, பேசாம இருக்கறதாவது" என்று பெரியம்மாவின் தம்பி முணுமுணுத்து ஒரு முறைப்பை வாங்கிக்கொண்டார்.

குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுகிற சத்தம் மட்டும்தான். பெரியத்தா புருவத்தைச் சுருக்கியபடி கிடந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மதியம் சிஸ்டர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "பாய், வலி எப்படி இருக்கு?" என்றார். பெரியத்தாவின் உதடு அசைந்தது. பெரியம்மா ஓடிப்போய் சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேச வெச்சிராதீங்க சிஸ்டர். கலிமா சொல்லிட்டாங்க. அதுவே கடைசியா இருக்கட்டும்."

சிஸ்டர் சிரிக்கவில்லை, வாதாடவும் இல்லை. கொஞ்சம் யோசித்தார். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு விரலைப் பெரியத்தாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"வாயைத் திறக்காதீங்க பாய். அது பத்திரமா இருக்கட்டும். வலிச்சா கையை அமுக்குங்க, போதும்."

பெரியத்தா அமுக்கினார். சிஸ்டரின் விரல் நுனி வெளுத்துப் போயிற்று.

"யா அல்லாஹ், இவ்ளோ வலியோடயா கெடந்தாங்க!" பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிஸ்டர் ஊசி போட்டார். சற்று நேரத்தில் பெரியத்தாவின் புருவம் தளர்ந்தது.

"நீங்களும் பேசுங்கம்மா. அவருக்குக் காது கேக்கும். பதிலை இப்படி வாங்கிக்கலாம்."

பெரியம்மா தன் விரலை வைத்தார். புருஷனிடம் மன்னிப்புக் கேட்காமல் அனுப்பிவிடுவோமோ என்று காலையிலிருந்து தவித்திருக்கிறார். கேட்டால் வாயைத் திறந்து பதில் சொல்லிவிடுவாரே என்ற பயம் வேறு. "நான் எதாவது தப்பா நடந்திருந்தா மன்னிச்சிருங்க" என்றார். பிறகு, "அமுக்கிட்டாங்க சிஸ்டர், அமுக்கிட்டாங்க!" என்று அழுதார்.

சின்னப் பிள்ளையான எனக்கு அது புது விளையாட்டாகத் தெரிந்தது. நானும் போய் விரலை வைத்தேன். "பெரியத்தா, ஆட்டோவுல சில்வர் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

மெல்ல ஓர் அழுத்தம். உடனே வாசலுக்கு ஓடி, நின்றிருந்த ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்கு முன்னால் உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. கலிமாவுக்குப் பிறகு பெரியத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. திருநீறு பூசிய ஒரு பெண்ணின் கையைக்கொண்டு எங்கள் வீட்டுக் கலிமாவை அல்லாஹ் காப்பாற்றிக் கொடுத்தான். தொழுகையில் கையேந்தும்போது அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வார்த்தை வராது.

சிஸ்டர் பையோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்து நின்றார்.

"எறங்கலையா பாப்பா?"

"பெரியத்தா வரட்டும். பீச்சுக்குப் போலாம்னு அமுக்குனாங்க."

அவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்து மெல்ல அமுக்கினார். நான் ஒன்றும் கேட்கவில்லையே, இவர் எதற்குப் பதில் சொல்கிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.