முக்குச் சுவரில் இரண்டு பல்

எங்களுக்குக் கடை, பட்டறை என்று தனியாக எதுவும் கிடையாது. சங்கரன்கோவில் தெருக்கள்தான் கடை. சிவகிரி பஸ் போகிற பாதையில் உரம், ஜவுளி, பீடி என்று எந்தச் சுவரைப் பார்த்தாலும் எங்கள் விளம்பரம் இருக்கும். வீட்டுக்காரர் ஏணியில் நின்று கோடு இழுப்பார். கோட்டுக்குள் வர்ணம் நிரப்புவது நான். வெயிலில் இரண்டு பேரும் கருவாடாய்க் காய்ந்தோம். ஆனாலும் பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் படிக்கும்போது எனக்குத் தலைகால் புரியாது.

எண்பதுகள் தொடங்கிய சமயம் ஒரு தேர்தல் வந்தது. தெரு முக்கில் இருந்த சுவரை ஒரு கட்சிக்காரர்கள் பிடித்து எங்களிடம் வேலையைத் தந்தார்கள். அதில் எதிர்க்கட்சியின் பழைய சின்னம் இருந்தது. சுண்ணாம்படித்து அதை மறைத்து, மேலே இவர்கள் சின்னத்தை எழுதினோம். காய்வதற்குள் கோடை மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் போய்ப் பார்த்தால், எங்கள் எழுத்து கரைந்து சாக்கடையில் ஓடுகிறது, அடியில் கிடந்த எதிர்க்கட்சிச் சின்னம் பளிச்சென்று நிற்கிறது.

சாயங்காலம் வேலை தந்த கட்சிக்காரர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவன் அடுத்த தெருக்காரன். என் கையால் எத்தனையோ தடவை தண்ணீர் வாங்கிக் குடித்தவன்.

"ஏலே, அவனுககிட்ட எவ்வளவு வாங்கினே?"

"மழை பெஞ்சுட்டு அண்ணாச்சி. காலைல வேற எழுதித் தாரேன்" என்றார் இவர்.

"இனி நீ எழுதவே மாட்டே."

இரண்டு பேர் இவரை அமுக்கிப் பிடித்தார்கள். வலது கையை வாசல்படியில் வைத்து அவன் செங்கல்லால் இடித்தான். முதல் அடியிலேயே எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவன் நிறுத்தவில்லை. விரல் விரலாக இடித்தான். எனக்கு அழுகை வரவில்லை, வெறிதான் வந்தது. நிறைந்திருந்த வர்ண டின்னைக் கைப்பிடியோடு தூக்கிச் சுழற்றி அவன் வாயில் அடித்தேன். பச்சை வர்ணமும் ரத்தமுமாக விழுந்தான். முன்பல் இரண்டும் படியில் கிடந்தன. மறுபடியும் ஓங்கினேன். மண்டைக்குத்தான் குறி வைத்தேன், கொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் மற்ற இரண்டு பேரும் அவனை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

ஸ்டேஷனில் அதிகாரி எங்களையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "இவருக்குக் கை போச்சு, அவனுக்குப் பல்லு போச்சு. சரிக்குச் சரி. சமாதானம்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க வே" என்றார். எழுத்தே பிழைப்பாக இருந்த மனுஷன் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். எலும்பு ஒருவழியாகக் கூடியது. விரல்கள் மடங்கவில்லை.

பிறகு பிரஷ்ஷை நான் எடுத்தேன். ஏணிக்குக் கீழே நின்று, "இடப்பக்கம் சாயுதுட்டி, சரி பண்ணு" என்று அவர் சொல்லச் சொல்லக் கோடு பழகினேன். அதே முக்குச் சுவருக்கு ஒரு பல்பொடி விளம்பரம் வந்தது. வாய் நிறையச் சிரிக்கிற முகம் ஒன்று எழுத வேண்டும். பல்வரிசை எழுதினேன். முன்பல் இரண்டை மட்டும் கறுப்பாக விட்டேன்.

அவன் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தான். சுவரைப் பார்த்ததும் நின்றான். எதிர் டீக்கடையில் சிரிப்பு கிளம்பியது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஏணியை உதைக்க ஓடி வந்தான்.

"வாலே" என்று வர்ண டின்னை அவன் தலைக்கு நேராக நீட்டினேன். என் கண்ணைப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டான்.

அடிபட்ட நாளுக்குப் பிறகு வீட்டுக்காரர் அன்றுதான் சிரித்தார். அப்புறம் சொன்னார்: "போதும்ட்டி. கம்பெனிக்காரன் பாத்தா துட்டுத் தரமாட்டான். நிரப்பிரு."

வெள்ளையைத் தொட்டு இரண்டு இழுப்பு இழுத்தேன். பல் இரண்டும் வந்து உட்கார்ந்துவிட்டன. கீழே அவர் இடது கையால் ஏணியைப் பிடித்தபடி, மடங்காத வலது கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்து நின்றார். சரிக்குச் சரியாம். இன்றைக்கும் வயிறு எரிகிறது எனக்கு.