ஆற்றுக்கு நான் வைத்த பெரட்டு

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட்டில் இரண்டு மாடிக் கடைவீடு. பாலத்தடியில் என் மண் லாரிகள் நிற்கிற கொட்டகை. கோயிலுக்குப் பின்னால் ஆற்றை ஒட்டி ஒரு கல்சுவர். எத்தனையோ வெள்ளம் மோதியும் ஒரு கல் நகரவில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் யாராலும் போட முடியாது என்று சொன்ன ஒரு சாலை. பிள்ளைகளை என் மனைவி ஆளாக்கினாள், அதில் நான் பங்கு கேட்கவில்லை. கடைசியாக, எங்கள் ஆற்றுக்கு ஒரு குழு. அதைக் கட்டியதும் நான்தான்.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவன் நான். பிறகு அதே ரப்பர் தோட்டத்தில் கான் வெட்டினேன், அதாவது தண்ணீர் ஓட வாய்க்கால் தோண்டினேன். இன்றைக்கும் கையெழுத்துப் போடும்போது பேனா கொஞ்சம் யோசிக்கும். ஆனால் ஒரு நிலத்தைக் காட்டுங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று நின்ற இடத்திலேயே சொல்வேன். இதை நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழையை மகள் திருத்துகிறாள். விஷயத்தைத் திருத்த அவளுக்கு அனுமதி இல்லை.

எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு பலகை. குழுவுக்கென்று புது மண்டபம் திறக்கப் போகிறார்கள். வாசலில் குழு பிறந்த வரலாற்றைப் பலகையில் எழுதி வைப்பார்களாம். ஈப்போ நீர் இலாகா அலுவலகத்திலிருந்து அதன் நகல் எனக்கு வந்தது. எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தேன். அதில் நான் இல்லை.

எங்கள் ஆறு மலையில் பிறந்து, கம்பம் என்று நாங்கள் சொல்லும் ஒரு மலாய்க் கிராமத்தைத் தொட்டு, காய்கறித் தோட்டங்களைக் கடந்து, என் கொட்டகைப் பாலத்தின் கீழே நுழைந்து, தாழ்வான ஒரு தாமானை, அதாவது வீடமைப்புப் பகுதியைச் சுற்றிக்கொண்டு பேராக் ஆற்றில் போய் விழுகிறது. அந்தத் தாமானில் இருப்பவர்கள் எல்லாம் எங்கள் பழைய தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையில் பாதி போய் வீடுகள் வந்தன. ஆற்றுக்கு மட்டும் சொந்தக்காரர்கள் கூடிக்கொண்டே போனார்கள். தண்ணீர் ஓர் அலுவலகத்துக்கு, மணல் இன்னோர் அலுவலகத்துக்கு, கரை மூன்றாவதுக்கு, கரையில் நிற்கிற மரம் நான்காவதுக்கு. ஒருமுறை பாலத்தில் மாட்டிக்கிடந்த ஒரு மரத்தை எடுக்க இயந்திரத்தோடு போனேன். அடிமரம் ஓர் இலாகா, ஆற்றுக்குள் கிடக்கிற கிளை வேறு இலாகா என்றார்கள். "அப்ப நடுவுல அறுத்தா யாருகிட்ட கேக்கணும்?" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தக் காலத்தில் குழு என்றால் மூன்று கைப்பேசி எண்கள், அவ்வளவுதான். மேலே கம்பத்தில் மீன் வளர்க்கும் மலாய்ப் பெரியவர், எங்களுக்குப் பாக்சிக், நடுவில் பாலத்தடியில் நான், கீழே தாமானில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் பெண். மழைக் காலத்தில் பாக்சிக் எனக்குச் சொல்வார், நான் தங்கச்சிக்குச் சொல்வேன்.

ஒரு நாள் காலையில் ஆறு ஏறியது. தாமானில் வாசற்படிவரை தண்ணீர். ஜனங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் பார்த்தால் சுள்ளென்று வெயில், படியிலும் தண்ணீர் இல்லை. அப்போது பாக்சிக் கூப்பிட்டார்.

"அனே, ஆயெர் சுடா துரூன்!"

மலாயில் ஆயெர் என்றால் தண்ணீர், துரூன் என்றால் இறங்குவது. நல்ல சேதி என்று அடுத்த நொடியே தங்கச்சியைக் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, தண்ணி எறங்கிருச்சாம். சாமானெல்லாம் வீட்டுக்குக் கொண்டு போயிருங்க."

"நெசமாவாண்ணே? இன்னும் கொஞ்சம் பாத்துட்டுப் போலாமே."

"நான் சொன்னா சரியா இருக்கும்லா. போங்க."

ஜனங்கள் போனார்கள். கட்டில், டிவி, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், தங்கச்சியின் தையல் மெஷின், எல்லாம் வீட்டுக்குள் திரும்பின. சாமான் இறக்கி முடிப்பதற்குள் தண்ணீர் வந்தது. காலையில் வந்ததுபோல் இல்லை, ஜன்னல் உயரத்துக்கு வந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாமான் ஒன்றும் மிஞ்சவில்லை.

பாக்சிக் சொன்னது, மலையில் பெய்த மழை இறங்கி வருகிறது என்று. நான் கேட்டுக்கொண்டது, வெள்ளம் வடிந்துவிட்டது என்று. மலாயிலும் ஒரே சொல், தமிழிலும் ஒரே சொல். சண்டை போட அவர் வீட்டுக்கே போனேன். அவர் வலையைக் கீழே வைக்காமல் கேட்டார்: "நான் எங்க நிக்கிறேன், நீ எங்க நிக்கிற, அனே? எனக்கு எறங்கினா உனக்கு ஏறத்தானே செய்யும்?"

தாமானுக்குப் போய் என் பம்பை வைத்து வீடு வீடாகச் சேற்றைக் கழுவினேன். தங்கச்சி கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எறங்கிருச்சுன்னு சொன்னீங்களேண்ணே," என்றாள். "எங்க எறங்குச்சு? என் வீட்டுக்குள்ளதான் எறங்குச்சு."

அந்தச் சொல் என்னைக் குடைந்தது. அதிலிருந்துதான் எனக்குப் பெரட்டு ஞாபகம் வந்தது. பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்குப் போகும் முன் ஆள் எடுப்பது. தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர்ப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கூப்பிடுவார். கூப்பிட்டவன் ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். கதை சொன்னால் கிராணிக்குக் கோபம் வரும். ஐந்நூறு பேரின் கணக்கு அப்படித்தான் கால் மணி நேரத்தில் முடியும். ஆற்றுக்கும் ஏன் அப்படி ஒரு பெரட்டு வைக்கக் கூடாது?

லாரிக்கு அடித்து மீந்த பெயிண்டை எடுத்தேன். மேலிருந்து கீழ்வரை நான்கு இடத்தில் கம்பம் நட்டு, அடியிலிருந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை பட்டையாக அடித்தேன். எந்த நிறத்தில் தண்ணீர் நிற்கிறதோ அந்த நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். மூன்று இனத்துக்கும் புரியும்படி மலாயில்: பச்சைக்கு ஹிஜாவ், மஞ்சளுக்கு கூனிங், சிவப்புக்கு மேரா. காலையில் ஒரு தடவை, மழை பெய்தால் மணிக்கு ஒரு தடவை. மேலிருந்து கீழாகத்தான் கூப்பிடுவது. 'துரூன்', 'எறங்கிருச்சு' இரண்டும் தடை. மீறுகிறவர் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கித் தர வேண்டும். முதல் வாரத்திலேயே மீறியவன் நான்தான்.

நான்காவது கம்பம் காய்கறித் தோட்டத்துச் சீன முதலாளி, எங்கள் தவ்கேயுடையது. அவர் வந்ததே கேலி பேசிக்கொண்டுதான். "மழை இல்லாத மாசத்துல எல்லாரும் பச்சை பச்சைன்னு கத்திக்கிட்டே இருக்கணுமா?" என்றார். கேலியாகக் கேட்டாலும் நியாயம். பச்சைக்குக் கீழே வெள்ளைப் பட்டை ஒன்று அடித்தேன். தண்ணீர் குறைந்து பெரட்டில் வெள்ளை என்று வந்தால், அன்றைக்குக் காலையில் தவ்கேயின் பம்பு, சாயங்காலம் செம்பனை நாற்றுக்காரர்களின் பம்பு. இரண்டும் ஒன்றாக ஓடக் கூடாது. முன்பு பம்பை உதைத்துச் சண்டை போட்டவர்கள், இப்போது வெள்ளை வந்ததா என்று எனக்கு போன் போட்டுக் கேட்டார்கள்.

அடுத்த மழைக் காலத்தில் மேலே பாக்சிக்கிடமிருந்து மேரா வந்தது. தாமான் ஜனங்கள் ஒரு கட்டிலைக்கூட இழக்காமல் மண்டபத்தில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஈப்போ அலுவலகத்திலிருந்து அந்த இன்ஜினியர் அம்மா வந்தார், நம் தமிழ்ப் பெண். கம்பத்தைத் தடவிப் பார்த்து, "அங்கிள், இது யாரு அடிச்ச பெயிண்ட்?" என்றார்.

"நான்தாம்மா. சமன் போட்டு அபராதம் கேக்கப் போறீங்களா?"

"இல்ல அங்கிள். எங்க மீட்டர் அளவு ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து தாமானுக்குப் போறதுக்குள்ள தண்ணி போயிருது. உங்க கலர் முன்னாடியே போயிருதே, எப்படி?"

எப்படி என்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். எல்லா அலுவலகத்தையும் ஒரே மேசைக்குக் கொண்டு வந்தது அவர் திறமை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோயில் மண்டபத்தில் நாற்காலி போட்டவன் நான். பதவிப்படி போடவில்லை, ஆற்றின் வரிசைப்படி போட்டேன். மலைக்காட்டு அதிகாரி ஒரு முனை, தாமான் தங்கச்சி மறு முனை. பெரிய அதிகாரி ஒருவர் நேராகத் தலைமாட்டுக்குப் போனார்.

"துவான், நீங்க எந்த எடத்துத் தண்ணி?" என்றேன்.

"மாவட்டம் முழுக்க எனக்குத்தான்," என்றார்.

"அப்ப நடுவுல உக்காருங்க துவான்."

மண்டபமே சிரித்தது, அவரும் சிரித்து நடுவில் உட்கார்ந்தார். இன்றைக்கும் மாதக் கூட்டம் அந்த வரிசையில்தான் நடக்கிறது. மேலே இருப்பவர் என்ன செய்யப் போகிறார் என்பதை முதலில் சொல்ல வேண்டும், கீழே இருப்பவர் சரி என்ற பிறகுதான் தீர்மானம். என் பெரட்டுக்கு இப்போது மலாயில் நீளமான பெயர் இருக்கிறது. இருக்கட்டும்.

இந்தப் பலகைக்கு வருவோம். அதில் இருப்பது இதுதான்: 'தகவல் தொடர்பில் ஏற்பட்ட ஒரு குறைபாட்டுக்குப் பிறகு, சம்பந்தப்பட்ட துறைகள் வண்ணக்குறி முறையை அறிமுகப்படுத்தின.' இன்ஜினியர் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"உங்களக் காப்பாத்தத்தான் அங்கிள் அப்படி எழுதினேன்," என்றார். "கலர் உங்களோடதுன்னு போட்டா, ஏன் வந்துச்சுன்னு கேப்பாங்க. அப்புறம் அந்தத் தப்பும் உங்களோடதுன்னு போட வேண்டியிருக்கும். உங்க பேரு அழகா இருக்கட்டுமே."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், பயந்தேன். அந்தப் பலகையை என் பேரப்பிள்ளைகளும் படிப்பார்கள். நேராகத் தங்கச்சி கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் இலையை மடித்துக்கொண்டே, "ஊருக்கே தெரிஞ்ச தப்புதானேண்ணே, அத எதுக்கு மறைக்கிறீங்க?" என்றாள். "போடச் சொல்லுங்க. என் தையல் மெஷினையும் சேத்துப் போடச் சொல்லுங்க."

ஆகவே குழுவில் இருக்கிற எல்லாருக்கும் எழுத்தில் கேட்கிறேன். திறப்பு விழாவுக்கு முன் அந்த வரியை எடுங்கள். தண்ணீர் இறங்கிவிட்டது என்று தவறாகச் சொல்லி ஜனங்களை வீட்டுக்கு அனுப்பியது இன்னார் என்று என் பெயரைப் போடுங்கள். அதற்குக் கீழேயே, அதே அளவு எழுத்தில், ஆற்றுக்குப் பெரட்டு வைத்ததும் அவரே என்று போடுங்கள். புது மண்டபத்துக்கு நான் நிலம் நிரவிக் கொடுத்ததையெல்லாம் போட வேண்டாம். இந்த இரண்டு வரியும் வேண்டும். ஒன்றைப் போட்டு ஒன்றை விட்டால் அந்தப் பலகையை ஏற்க மாட்டேன்.