மகனே என்று பாடவேண்டிய இடத்தில்

றொனி புறப்பட்டது 2025 அக்டோபர் பதினான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை. பலேர்மோவை அடுத்த மொண்டெல்லோ கடற்கரையில் அவன் வேலைசெய்த உணவகம் கோடை முடிந்து பூட்டப்பட்டிருந்தது. மசாரா துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்கு இறால் பிடிக்கப் போகும் படகொன்றில் நாற்பது நாள் வேலை கிடைத்தது. பஸ் நிலையத்தில் அவனுடைய தாய் சறோஜா புட்டும் பொரித்த மீனும் கட்டிக் கொடுத்தார். அவனோடு ஒன்றாய் வளர்ந்த நானும் கூடப் போயிருந்தேன்.

“நாப்பது நாள்தானேயம்மா. அதுவரைக்கும் போன் வேலைசெய்யாது. கரைக்கு வந்தவுடனை எடுக்கிறன்.”

“கொப்பரும் பின்னேரம் வாறன் எண்டுதான் போனவர்.”

“அது மரத்தோணியம்மா. இது இரும்பு.”

“இரும்புதான் கெதியாத் தாழும்.”

நான் சிரித்துவிட்டேன். சறோஜா அன்ரி சிரிக்கவில்லை.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. மன்னாரில் கணவர் ஜோக்கிம் வலை எடுக்கப் போய்த் திரும்பாதபோது றொனி கைக்குழந்தை. உடல் கிடைக்கவில்லை. மகன் தோணியில் கால் வைக்காமல் வளரவேண்டும் என்றே இத்தாலியின் தீவு நகரமான பலேர்மோவுக்கு வந்தார். இருபத்தொரு வருடமாக இரண்டு வீடுகளில் வேலை. கபோ சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் குடியிருப்பு. தவக்காலம் வந்தால் மாதா கோயிலில் சிலுவைப் பாடுகளின் புலம்பலைத் தொடங்குவது அவர்தான். அவர் பாடும்போது குழந்தைகள்கூட வாய் பொத்தி இருக்கும்.

நான் மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு அந்தச் செப்டெம்பரில்தான் திரும்பியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் பொதுமக்களுக்கான கலை நிகழ்ச்சிகளை நடத்தும் அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. கண்காட்சி, கச்சேரி, நாடகம் எதற்கும் டிக்கெட் கிடையாது. தெருவில் போகிறவரும் வந்து உட்காரலாம். நவம்பர் நிகழ்ச்சி, இந்த நகரத்துப் பெண்களின் துக்கப் பாடல்கள். “உங்கள் ஆட்களில் பாடக்கூடியவர் இருக்கிறாரா?” என்று பொறுப்பாளர் ஜெசிக்கா கேட்டதும் யோசிக்காமல் சறோஜா அன்ரியின் பெயரைச் சொன்னேன்.

“ஒப்பாரி பாடமாட்டன் பிள்ளை,” என்றார் அவர். “வீட்டு ஆம்பிளை கடலிலை நிக்கேக்கை அது வாயிலை வரக்கூடாது.”

அந்த வழக்கம் எனக்கும் தெரிந்ததுதான். மறந்துபோயிருந்தேன்.

“ஒப்பாரி வேண்டாம் அன்ரி. கோயிலிலை பாடுறதைப் பாடுங்கோ. மாதா அழுறதுதானே.”

“அது மாதா தன்ரை மகனுக்கு அழுறது,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு வருகிறேன் என்றார்.

நவம்பர் ஏழு, வெள்ளிக்கிழமை. பழைய மண்டபம் நிரம்பி, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். சறோஜா அன்ரி கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் வைத்து மாதா அழும் இடம் வந்தது. ‘மகனே’ என்று பாடவேண்டிய இடத்தில் ‘றொனி’ என்று வந்தது. ஒருமுறையல்ல, மூன்றுமுறை. இத்தாலியர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த எங்கள் பெண்கள் தட்டவில்லை.

வாசலில் சுஜானி அவரைப் பிடித்துக்கொண்டாள். கோயில் பாடகர் குழுவில் அவருக்குப் பக்கத்தில் நிற்பவள்.

“என்னக்கா செய்தனீங்கள்? உயிரோடை இருக்கிற பிள்ளையின்ரை பேரை!”

“நான் சொல்லேல்லை. வாய் சொல்லிப்போட்டுது.”

நவம்பர் இருபத்துமூன்று நாற்பதாவது நாள். அழைப்பு வரவில்லை. அதன்பிறகு அவர் கைபேசியைக் கீழே வைக்கவில்லை. நிலம் துடைக்கும்போதும் இடுப்பில் செருகியிருந்தார். படகு முதலாளியின் அலுவலகத்துக்கு நான் போன் எடுத்தேன். படகின் ரேடியோ ஒன்பது நாளாகப் பேசவில்லை, தேடுகிறார்கள் என்றார்கள்.

“என்னவாம்?”

“தேடுகினமாம்,” என்றேன். ஒன்பது நாளைச் சொல்லவில்லை.

“காணாமல் போனதைத்தானே தேடுவினம்,” என்றார்.

பாட்டின் வீடியோவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருந்தது. ஐம்பதாவது நாள் அவர் வேலை உடுப்போடு அலுவலகத்துக்கு வந்தார். அது அங்கே பாடிக்கொண்டிருக்கும்வரை மகன் வரமாட்டான் என்றார். இதுவரை போட்டதில் அதைத்தான் அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்று ஜெசிக்கா தயங்கினாள். சறோஜா அன்ரி, படித்த பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு, தன்னுடைய இத்தாலியனில் கேட்டார்:

“டொத்தொரெஸ்ஸா, உங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா?”

“ஒரு மகன். ஆறு வயது.”

“அவன் பெயரைச் சொல்லுங்கள். அதைப் போட்டு இப்போதே இங்கே பாடுகிறேன்.”

ஜெசிக்கா பெயரைச் சொல்ல வாயைத் திறந்தவள் கணினிப் பக்கம் திரும்பி வீடியோவை அழித்தாள்.

“எடுத்தாச்சு. இனி வருவான்,” என்று படியிறங்கும்போது அன்ரி சொன்னார். என் கையை அவர் பிடித்திருந்த இடம் அன்று முழுக்க நொந்தது.

அவன் வரவில்லை. அந்த வாரம் கோயில் பெண்கள் சட்டியில் கறி கொண்டுவரத் தொடங்கினார்கள். அன்ரி கதவைப் பாதி திறந்து, மூடியைக்கூடத் தூக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

“செத்தவீட்டுச் சாப்பாடு எனக்கேன்? கொண்டு போங்கோ.”

சுஜானி மட்டும் அழுதுகொண்டே இறங்கிப் போனாள்.

டிசெம்பர் பதின்மூன்று, சாந்தா லூச்சியா திருநாள். அன்று பலேர்மோவில் ரொட்டியும் பாஸ்தாவும் சாப்பிடுவதில்லை. வீட்டுக்கு வீடு சோற்றை உருட்டி உள்ளே இறைச்சி வைத்துப் பொரிப்பார்கள். அவரைத் தனியே விடப் பயந்து நானும் அவர் வேலைசெய்யும் எசமானியம்மாவின் வீட்டுக்குப் போனேன். நாற்பது உருண்டைக்கு மேல் உருட்டியிருந்தோம். அவருடைய இடுப்பில் கைபேசி அதிர்ந்தது.

சோறு ஒட்டிய கைகளை முன்னால் நீட்டியபடி அப்படியே நின்றார்.

“நீ பார், பிள்ளை.”

“ஆரெண்டு தெரியேல்லை, அன்ரி. வெளிநாட்டு நம்பர்.”

“வாசி. மெல்ல வாசி. கெட்டதெண்டால் நிப்பாட்டு.”

நான் வாசித்தேன்:

“அம்மா, நான் றொனி. கூட வேலைசெய்யிறவன்ரை போனிலை எழுதுறன். எஞ்சினும் ரேடியோவும் பழுதாப்போய்க் கிடந்தனாங்கள். ஒரு கப்பல் கட்டி இழுத்து நேத்துத்தான் கிரீஸிலை விட்டது. எனக்கு ஒண்டுமில்லை. என்ரை மெசெஞ்சரை இதிலை திறந்தால் ஆறு பேர் உங்கடை பாட்டை இறக்கி அனுப்பியிருக்கினம். என்ரை பேர் வந்தவுடனை நிப்பாட்டிப்போட்டன். அதுக்குப் பிறகு எனக்கு நித்திரையில்லை. இனிப் படகு வேண்டாம், எத்தினை நாள் செண்டாலும் பஸ்ஸிலைதான் வாறன். கடைசியா மெசினாவிலை அந்த இருபது நிமிசக் கப்பல் மட்டும் ஏறத்தான் வேணும். நான் இறங்கி உங்களுக்கு எடுக்கும்வரைக்கும் வாயைத் திறவாதேங்கோ, அம்மா.”