வாயில்லாத குடலும் இரண்டாவது பிஸ்கட்டும்

விடுமுறைக்கு இலங்கையில், கண்டிக்குப் பக்கத்திலுள்ள வத்தேகமவுக்கு வந்த நாளிலிருந்து, மதியம் நான் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து நெதர்லாந்திலிருந்து குடல் வந்துவிடும். அங்கே அப்போது காலை ஒன்பது மணி. கூட வேலை செய்யும் சஸ்கியா ஆய்வுகூடத்துக்கு வந்ததும் முதல் காரியமாக என் குடல்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். நான் இடது கையால் போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்குவேன். அம்மா சோற்றுக் கரண்டியோடு வந்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே வேகத்தில் இன்னும் ஒரு கரண்டி சோற்றையும் தட்டில் தள்ளிவிட்டுப் போவார். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழமொழி செல்லாது. என் வயிறு நிறைந்ததா இல்லையா என்று முப்பத்து மூன்று வருடங்களாக முடிவு செய்துவருபவர் அம்மாதான்.

என் வேலையை ஊரில் விளக்குவது சிரமம். நம் குடலின் உட்சுவர் சில நாட்களுக்கொரு தடவை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. அந்தக் காரியத்தைப் பார்ப்பவை அதன் அடிக்குழிகளில் இருக்கும் ஸ்டெம் செல்கள். ஒரு நோயாளி மனமுவந்து தந்த, அரிசிமணி அளவு சதையிலிருந்து அவற்றைப் பிரித்து, ஜெலித் துளிக்குள் வைத்து, சத்து நீர் ஊற்றிச் சூட்டுப்பெட்டியில் வைத்தால் மணல் அளவில் சின்னச் சின்னக் குடல்கள் வளரும். ஓர்கனொய்ட் என்று பெயர். வாய் கிடையாது, வயிறு கிடையாது, குடல் மட்டும். இத்தனையையும் அப்பா சுருக்கி, பஸாரில் எங்கள் பலசரக்குக் கடைக்கு வருகிறவர்களிடம், "மக வெளிநாட்டுல கொடல் வளக்குது" என்று சொல்லிவைத்திருந்தார். நான் வந்த மறுநாளே பக்கத்துக் கடை முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், வந்து நின்றார். பாபத் என்கிற மாட்டுக்குடல் கறி என்றால் உயிரை விடுகிறவர் அவர்.

"அத ஆக்கித் திங்க ஏலுமா மகள்?"

ஏலாது நானா, ஒவ்வொன்றும் மணல் அளவுதான் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தீனி கூட்டிப் போட்டால் பெருக்காதா என்று கேட்டார். அப்பா சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நானா சொன்ன அந்த வைத்தியத்தை யாருக்கும் தெரியாமல் மூன்று தடவை செய்து பார்த்திருந்தேன்.

அதைச் சொல்வதற்கு முன் பிஸ்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் முதல் நாள், காப்பி நேரத்தில் சஸ்கியா தகர டின்னைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் நீட்டினாள். நம் வழக்கப்படி நான் "வேண்டாம்" என்றேன். இரண்டாம் தடவை கேட்பாள், அப்போதும் மறுக்கலாம், மூன்றாம் தடவை கையில் திணிப்பாள், போனால் போகிறதென்று வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. டின் மூடப்பட்டது. அடுத்த நாளும் அதுவே நடந்தது. ஒரு வாரம் போனதும், எனக்குப் பிஸ்கட் பிடிக்காது என்று அன்போடு முடிவு செய்து, டின்னை என் பக்கம் நீட்டுவதையே விட்டுவிட்டார்கள். வெறும் காப்பியைக் குடித்துக்கொண்டு, உபசரிக்கத் தெரியாத ஜனம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் போல வெளியேறிப் போனவர்களுக்கு இந்தப் பட்டினி தெரிந்திருக்கும்.

இப்போது குடலுக்கு வருவோம். இந்த ஓர்கனொய்ட்களை முதலில் நன்றாக ஊட்டி வளர்க்க வேண்டும். ஊட்டம் இருக்கும்வரை ஸ்டெம் செல்கள் பெருகிக்கொண்டே இருக்கும்; பார்க்க உருண்டை உருண்டையாக, லட்டுப் போல இருக்கும். அதன் பிறகு சத்து நீரில் உள்ள வளர்ச்சி ஊக்கிகளை நிறுத்திவிட்டு ஐந்து நாள் விட வேண்டும். அப்போதுதான் அவை பிள்ளைத்தனத்தை விட்டு, உறிஞ்சுகிற செல்லாகவும் சளி சுரக்கிற செல்லாகவும் முதிரும். இந்த நோயாளியின் ஸ்டெம் செல்களுக்கு அப்படி முதிரும் வல்லமை இருக்கிறதா என்று காட்டுவது என் வேலை. மூன்று தடவையும் லட்டுத்தான் கிடைத்தது. உறைய வைத்ததில் மிஞ்சியது கடைசிக் குப்பி. அதுவும் லட்டானால் என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடியும், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வர வேண்டியதுதான். முதிர்ந்தால் இன்னும் இரண்டு வருடம். பேராசிரியர் இதைக் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார். சேர்ந்துபோன லீவை எடுத்தே ஆக வேண்டும் என்று என்னைத் துரத்தியவரும் அவரே.

ஆகவே கடைசிக் குப்பியைச் சஸ்கியாவிடம் ஒப்படைத்து, செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கடைசி வரியாக, பசித்தது போலத் தெரிந்தால் கொஞ்சம் ஊற்றவும் என்றும் எழுதியிருந்தேன். அவள் பேனாவோடு வந்து உட்கார்ந்தாள். பசித்த குடல் எப்படி இருக்கும், கொஞ்சம் என்றால் எத்தனை மைக்ரோலீட்டர் என்று கேட்டாள். அவள் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே கேட்டாள். பார்த்தால் தெரியும் என்றேன். என் கண் முன்னாலேயே அந்த வரியை வெட்டினாள்.

ஊட்டத்தை நிறுத்திய மூன்றாம் நாள் வந்த படத்தைப் பார்த்ததும் சோறு இறங்கவில்லை. உருண்டைகள் சுருங்கி, கறுத்து, ஓரங்கள் கசங்கிக் கிடந்தன. கையைக் கழுவாமலே சஸ்கியாவுக்குப் போன் எடுத்து, இன்று மட்டும் ஊக்கி கலந்த பழைய சத்து நீரைக் கொஞ்சம் ஊற்று என்று கெஞ்சினேன். முந்தைய மூன்று தடவையும் நீ ஊற்றினாயா என்று அவள் கேட்டாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ஊற்றினேன். ஒவ்வொரு தடவையும், யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து, மழையில் சைக்கிள் மிதித்துப் போய் ஊற்றினேன். அவை ஆய்வுகூடத்தில் பசியோடு கிடக்க, என் அறையில் உட்கார்ந்து சோறு தின்ன எனக்கு மனம் வரவில்லை.

"அப்படியென்றால் நீ செய்தது பரிசோதனை இல்லை, விருந்து" என்றாள் சஸ்கியா. ஊற்ற மாட்டேன் என்றும் சொன்னாள். அந்த ஊர்க்காரர்களின் மறுப்பை இரண்டாம் தடவை கேட்டு மாற்ற முடியாது.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருந்தார். ஆங்கிலம் புரியாவிட்டாலும் என் முகம் புரிந்திருக்கிறது. ஒப்பந்தம், டிசம்பர், இரண்டு வருடம் எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். அப்பாவிடம் மட்டும் முன்பே போனில் சொல்லியிருந்ததால் அம்மாவுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. கடையில் எல்லோரிடமும் சொன்ன அப்பா, அதை மட்டும் வீட்டில் சொல்லாமல் விடுவாரா?

"கோயிலுக்குப் போயி நின்னேன் புள்ள," என்றார், துருவலை நிறுத்தாமல். "செயிக்கணும்னு கும்புட்டா நீ அங்கேயே இருந்துருவ. தோக்கணும்னு கும்புட்டா, அது பெத்தவ கும்புடுற கும்புடா? சூடத்தக் கொளுத்திட்டு ஒண்ணுமே கேக்காம வந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் இன்னும் ஒரு கரண்டி சோறு விழும் என்று அடக்கிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் நானும் அம்மாவும் கண்டிக்குச் சாமான் வாங்கப் போயிருந்தோம். மணிக்கூட்டுக் கோபுரத்தருகே, வத்தேகம பஸ்ஸுக்காக நிற்கும்போது படம் வந்தது. லட்டுகளைக் காணவில்லை. சுவர் தடித்து, மடிப்பு மடிப்பாக, அசல் குடல் போலவே ஒவ்வொன்றும் நெளிந்து நின்றது. கீழே சஸ்கியா ஒரே சொல் எழுதியிருந்தாள்: மோய். அவர்கள் மொழியில் அழகு என்று அர்த்தம். நான் நடுவீதியில் கத்தியிருக்கிறேன் போல, கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அம்மா முதல் தடவையாகத் தானே போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார்.

"சாப்பாட்ட நிறுத்துனதுக்கு அப்பறந்தான் இப்பிடி ஆச்சா?"

ஆமாம் என்றேன். அம்மா போனைத் திருப்பித் தந்துவிட்டுப் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

புறப்படும் நாள் காலை, ரொட்டியும், காய்ந்த மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். இரண்டு ரொட்டி முடிந்ததும், அடுத்தது வந்து விழுவதற்குள் வழக்கம்போலத் தட்டைக் கையால் மறைத்தேன். ரொட்டி விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அம்மா குசினி வாசலில், கையில் சுடச்சுட ரொட்டியோடு நிற்கிறார்.

"போதுமா புள்ள?"

என் வாழ்நாளில் அம்மா என்னிடம் கேட்டிராத கேள்வி. வழக்கத்தை விட முடியாமல், "போதும்மா" என்றேன். இரண்டாம் தடவை கேட்பார் என்று காத்திருந்தேன். அம்மா தலையை ஆட்டிவிட்டு ரொட்டியை உள்ளே கொண்டுபோனார்.

திங்கட்கிழமை ஆய்வுகூடத்தில் காப்பி நேரம். டின் மேசையைச் சுற்றி வந்தது, இந்தத் தடவை நானே கை நீட்டி ஒன்றை எடுத்தேன். சஸ்கியா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, குடல் முதிர்ந்த சந்தோஷத்தில், இன்னொன்று வேண்டுமா என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. மூடி இறங்குவதற்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இரண்டையும் தின்றேன். மூன்றாவது ரொட்டிக்கான பசி மட்டும் அப்படியே இருந்தது.