அத்தை உடைக்க விடாத பூட்டு

எங்கள் அத்தை அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு மண்டியில் நாள் முழுக்க உட்கார்ந்து கிழங்கைத் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. அழுகின கிழங்கைக்கூட விட்டெறிய மாட்டார். ஓரமாக எடுத்து வைப்பார். வீட்டுக்குள் நாய் நுழைந்துவிட்டால், "போங்க சாமி, அக்கட்டால போங்க" என்று கெஞ்சுவார். அப்படிப்பட்டவர் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நிற்கிறார் என்று செய்தி வந்ததும் அவருடைய அண்ணன், அதாவது என் அப்பா, துடியலூரில் எங்கள் வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்த கையோடு எழுந்துபோய்ச் சாமி படத்துக்கு விளக்கேற்றினார். சிரித்தது எனக்குப் புரிந்தது. விளக்கேற்றியதுதான் புரியவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பி பிறந்திருந்ததால், அடுத்த சில நாளில் காலாண்டு விடுமுறைக்கு என்னை அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்; பள்ளி திறந்த பிறகும் தேர்தல் முடியும்வரை அங்கேயே இருந்தேன். மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற ஊர் அது. தோட்டம் வைத்திருப்பவர்களின் வீடுகள் ஓடைக்கு அந்தப் பக்கம். அந்தத் தோட்டங்களில் தலைமுறையாக வேலை செய்த எங்கள் சனத்தின் வீடுகள் இந்தப் பக்கம். அந்த முறை தலைவர் பதவி எங்கள் சனத்துப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்பு தலைவராக இருந்தவர், தன் தோட்டத்தில் களை எடுக்கும் ஒரு அம்மாளை நிறுத்தி ஜெயிக்க வைத்துவிட்டு, நாற்காலியில் வழக்கம்போலத் தானே உட்கார்ந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார். அந்த ஏற்பாட்டுக்கு நடுவில் அத்தை போய் மனுத்தாக்கல் செய்துவிட்டார். குடிதண்ணீர்க் குழாய் ஓடையைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வரவேண்டும். அவருடைய அரசியல் மொத்தமும் அவ்வளவுதான்.

பழைய தலைவர் ஒருநாள் அத்தை வீட்டுக்கே வந்தார். அவர் ஓடையைத் தாண்டி வருகிற அதிசயத்தைப் பார்க்கத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. முகம் நிறையச் சிரிப்பு.

"ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கறீங்களா?" என்றார். என்னைப் பார்த்து, "எத்தனாவது படிக்கிற கண்ணு?" என்று கேட்டார். பிறகு அத்தையிடம், "ஒத்தையில மண்டிக்குப் போயிட்டு வாரீங்க. விளக்கில்லாத ரோடு. உங்க ஊட்டுக்காரரும் வண்டி ஓட்டறவரு. நாலு பக்கமும் லாரி போற ஊருங்க இது. நமக்கெதுக்குங்க இந்த வம்பு? வாபஸ் வாங்கிப்போட்டு நிம்மதியா இருங்க" என்றார்.

அத்தை காபி கொடுத்தார். "இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தனுங்க" என்று சொல்லி அவர் டம்ளரைத் தொடாமலே எழுந்து போனார். அந்தக் காபியை நான் குடித்தேன். சர்க்கரை தூக்கலாக நன்றாக இருந்தது. அத்தையும் மாமாவும் பத்திரமாக இருக்கவேண்டும் என்று இவ்வளவு அக்கறைப்படுகிறாரே, எப்பேர்ப்பட்ட மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அத்தையை 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான் முதல் தடவை என்று மாமா சொன்னபோது என் சந்தோஷம் இரண்டு மடங்கானது.

அடுத்த வாரத்திலிருந்து போன் வர ஆரம்பித்தது. எதிர்முனையில் பேசியவர்களிடம் 'ங்க' இல்லை. அத்தை என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் எடுப்பார். ஆனாலும் காதில் விழும். எங்கள் பள்ளிக்கூடத்தில் சொன்னால் பிரம்படி கிடைக்கிற வார்த்தைகள். அத்தை கடைசிவரை கேட்டுவிட்டு, "பேசி முடிச்சுட்டீங்களா? அடுப்புல சோறு இருக்குது, வெச்சர்றனுங்க" என்பார். மாமா குட்டியானை வண்டி வைத்திருந்தார். அதற்கு வாடகைக்குக் கூப்பிடுவோர் திடீரென்று இல்லாமல் போனார்கள். ஒருநாள் அதன் டயர்களைக் கிழித்திருந்தார்கள். மண்டியில் அத்தையைக் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்றார்கள்.

வாபஸ் வாங்கக் கடைசி நாளன்று மாமா உடைந்துவிட்டார். "ஏம்புள்ள, உசுரோட இருந்தாப் போதும். இப்பவே போயி வாங்கீட்டு வந்தரலாம் வா" என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆள் அழுவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அத்தையின் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. "எனக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா நாம வாங்கீட்டா, அடுத்த வாட்டி இந்தத் தெருவுல எவ போயி மனுப் போடுவா?" என்றார். சொல்லிவிட்டு முறத்தை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்தார். ஆபீஸ் மூடுகிற நேரம் தாண்டும்வரை எழுந்திருக்கவே இல்லை. மறுவாரம் முழுக்க நாங்கள் கல்லில்லாத சோறு சாப்பிட்டோம்.

அத்தைக்குக் கிடைத்த சின்னம் பூட்டு சாவி.

ஓட்டுக் கேட்கக் கிளம்ப வேண்டிய நாள் காலையில் முதலில் எழுந்தது நான்தான். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தது. மரக்கதவைத் திறந்தால், வெளியே கிரில் கதவு அசையவில்லை. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தேன். என் இரண்டு கையிலும் அடங்காத பித்தளைப் பூட்டு ஒன்று கொண்டியில் தொங்கியது. உன் சின்னத்தோடு நீ வீட்டுக்குள்ளேயே கிட என்று யாரோ குறும்பு செய்திருந்தார்கள். குறும்பு என்றுதான் எனக்குத் தோன்றியது. மாமா அதைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பூட்டியவர்கள் நினைத்திருந்தால் கொளுத்தியும் இருக்கலாம் என்று அவர் முணுமுணுத்தார். எனக்கோ வேறு அவசரம்.

கோயம்புத்தூரில் பட்டறை வேலைக்குப் போகும் எதிர்வீட்டு அண்ணன் சம்மட்டியோடு ஓடிவந்தார். அவர் ஓங்கும்போதுதான் அத்தை, "தம்பி, பூட்டு மேல அடிக்காதீங்க!" என்றார். அத்தையின் குரல் உயர்ந்தது அன்றுதான். "கொண்டிய அறுங்க. பூட்டு அப்புடியே இருக்கோணும்."

அண்ணன் திருதிருவென்று விழித்தார். கொண்டி கனமான இரும்பு. ரம்பம் எடுத்துவந்து அவர் அறுத்து முடிப்பதற்குள் தெருவே கூடிவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பின்னிக்கொண்டு நின்றேன். அத்தை அந்த நேரத்தில் முகம் கழுவி, தலை வாரி, பச்சைச் சேலை கட்டிக்கொண்டு தயாராகிவிட்டார். கதவு திறந்ததும் நான் ஒரு பக்கம் ஓடினேன். திரும்பி வந்தபோது அத்தை பூட்டைக் கழுவித் துடைத்து, ஆயுத பூஜைக்கு வைப்பதுபோல் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். அறுந்த கொண்டித் துண்டு அதன் வாயில் அப்படியே மாட்டியிருந்தது.

அந்தப் பூட்டோடு நேராகத் தேர்தல் அதிகாரி இருந்த ஒன்றிய அலுவலகத்துக்குப் போனோம். அதற்குமுன் இரண்டு தடவை புகார் கொடுத்தபோது, "பார்க்கலாம் போம்மா" என்றவர்கள், இந்த முறை அந்தக் கனத்த பித்தளை மேஜைமேல் உட்கார்ந்ததும் நிமிர்ந்தார்கள். சாட்சிப் பொருளாக அதை வைத்துக்கொள்கிறோம் என்றார் ஓர் அதிகாரி. "எலக்‌ஷன் முடிஞ்சதும் நானே கொண்டாந்து தாரனுங்க. இப்பத்திக்கு இது எஞ் சின்னமுங்க" என்று அத்தை அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களோடு ஒரு பெண் போலீஸைப் பாதுகாப்புக்கு அனுப்பினார்.

பிறகு நான் பார்த்ததை இன்று நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. நாய்க்கு மரியாதை கொடுக்கிற என் அத்தை, பூட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினார். ஓடையைத் தாண்டினார். அந்தத் தெருவுக்குள் நுழையும்போது மாமா தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார். அத்தை கழற்றவில்லை. மாமா அத்தையின் காலைப் பார்த்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். மண் சுட்டிருக்கும் போல என்று நான் நினைத்தேன்.

பழைய தலைவர் வீட்டு கேட்டின் முன்னால் போய் நின்று, "ஏனுங்க, ஓட்டுக் கேக்க வந்திருக்கறனுங்க" என்று அத்தை கூப்பிட்டார். அவர் அதே வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால், கொடுமுடியிலிருந்து அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள், இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றார்.

"வாங்க அம்மணி" என்றார் பழைய தலைவர். சிரிப்பும் அதே சிரிப்புதான்.

"எஞ் சின்னம் பூட்டு சாவிங்க. பூட்டைப் பாருங்க, யாரோ புண்ணியவானுங்க எங்கூட்டுக்கே கொண்டாந்து மாட்டிப்போட்டுப் போயிருக்கறாங்க. சாவிய மட்டும் மறந்துபோட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா, கொண்டாந்து குடுக்கச் சொல்லுங்க. இல்லாட்டி ஓட்டுப் பொட்டியில போடச் சொல்லுங்க."

குரலில் கேலி இல்லை, கோபம் இல்லை. கடையில் அரைக்கிலோ துவரம்பருப்பு கேட்பதுபோலக் கேட்டார். பழைய தலைவரின் சிரிப்பு போக வழி தெரியாமல் முகத்திலேயே நின்றது. அத்தை கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் பின்னால் நடந்தபோது என் அத்தை அந்தத் தெருவின் மாடிவீடுகளைவிட உயரம் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் கடைக்குச் சீயக்காய் வாங்கப் போயிருந்தேன். அந்த மருமகளும் அங்கே குழந்தைக்குச் சாம்பிராணி வாங்க வந்திருந்தார். கடைக்காரர் உள்ளே திரும்பிய நேரம் என் கையைப் பிடித்து எதையோ வைத்து விரல்களை மூடினார். கைக்குட்டையில் பொதிந்த ஏதோ ஒன்று. அவர் கை ஐஸ் போல இருந்தது. "அத்தைகிட்ட மட்டும் குடு கண்ணு. கீழ கெடந்துதுன்னு சொல்லீரு" என்றார்.

ஓட்டமாக வீட்டுக்கு வந்து, கீழே கிடந்தது என்று சொல்ல மறந்து, யார் கொடுத்தார் என்பதைத்தான் முதலில் சொன்னேன். கைக்குட்டைக்குள் பித்தளைச் சாவி. அத்தை தடுப்பதற்குள் பூட்டில் நுழைத்துத் திருகினேன். டக்கென்று திறந்துகொண்டது. எனக்கு ஒரே கொண்டாட்டம். அத்தை பாய்ந்து வந்து பூட்டை அமுக்கி மூடினார். சாவியை உருவி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அத்தனை வசவுக்கும், கிழிந்த டயருக்கும், பூட்டிய கதவுக்கும் அழாதவர், சாவி கிடைத்ததற்குப் போய் அழுதார்.

அன்று சாயங்காலம் ஆற்றங்கரை அம்மனைக் கும்பிடப் போனோம். பாலத்தின் நடுவில் நின்று, பெண் போலீஸ் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது, அத்தை சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பவானியில் விட்டெறிந்தார். நான் கொண்டுவந்து கொடுத்த சாவி! எனக்கு அழுகை முட்டியது. ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அத்தை ஜெயித்தார். குழாயும் ஓடையைத் தாண்டியது. முடிவு தெரிந்த அன்று விடைபெற வந்த பெண் போலீஸ், "அந்தப் பூட்டோட சாவி மட்டும் கெடைச்சிருந்தா, எந்த ஊட்டுப் பூட்டுன்னு கண்டுபுடிச்சு ஆளை உள்ள தள்ளியிருப்பேன்மா. கடைசி வரைக்கும் கெடைக்கவே இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் அத்தை.

நான் வாயைத் திறந்தேன். அத்தையின் கை என் தோளில் அழுந்தியது. நான் கேட்க அவர் சொன்ன ஒரே பொய் அது. அதுவும் ஒரு போலீஸிடம். ஜெயித்தபிறகும் இவ்வளவு பயப்படுகிறாரே என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது. சாவியைக் கொடுத்தவர் மறுபடி அந்த வீட்டுக்குள்தான் போய் வாழவேண்டும் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.