ஒன்பதடி வரைக்கும் கஞ்சி

சுவரைச் சுரண்டுவதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்பதை எங்கள் வீட்டில் கடைசிவரை யாரும் நம்பவில்லை. 2006இல் சிதம்பரத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். பழைய கட்டடங்களின் முகப்புச் சுவரில், சுண்ணாம்புக் காரையோடு என்னென்ன கலந்தார்கள் என்று பார்ப்பது என் வேலை. கடுக்காய், வெல்லம் பற்றியெல்லாம் ஆளாளுக்கு ஏற்கெனவே எழுதித் தள்ளிவிட்டார்கள். எனக்கென்று புதிதாக ஒன்றும் மிச்சமில்லை. அது இல்லாமல் பட்டமும் இல்லை.

மூன்றாவது வருடம், கடலூர் பழைய டவுனில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் தன் வீட்டு முகப்பைச் சுரண்டிக்கொள்ளச் சொன்னார். பூசைக்குப் போகிற நேரம் மட்டும் வராதே என்றார். பெயர்த்த துண்டை லேபில் அமிலத்தில் கரைத்து, கொதிக்கவைத்து, ஆறியதும் ஒரு சொட்டு அயோடின் விட்டேன். குபீரென்று நீலம். மாவுச்சத்து இருந்தால்தான் அந்த நிறம் வரும். அப்படியென்றால் சோற்றுக் கஞ்சி ஊற்றிக் காரை குழைத்திருக்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு என்னைவிடச் சந்தோஷம். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வரப்போகிறவர், ஒரு மண்டபச் சுவரில் கஞ்சி இருந்ததாக எழுதிப் பெயர் வாங்கியவர். "அவுரு சொன்னதையே நீயும் சொல்ற. பாஸ் போட்டுட்டுதான் காபியே குடிப்பாரு" என்றார்.

உறுதிப்படுத்த ஏணி போட்டு மேலேயும் எடுத்தேன். உச்சியில் நீலம் வரவில்லை. பத்தடியிலும் இல்லை. ஒன்பதடிக்குக் கீழே எங்கே எடுத்தாலும் வந்தது. கொத்தனார் பாதியில் கஞ்சியைக் குடித்துவிட்டாரா என்று வாசலில் நின்று விழித்தேன். எது வரைக்கும் வருகிறது என்று டீச்சர் கேட்டார். கை காட்டினேன்.

"சைக்கிள் கேரியர்ல ஏறி நின்னா எட்டுற ஒசரம்மா அது. போஸ்டர் ஒட்டறவுங்க அப்படித்தான் நிப்பாங்க. சினிமா, எலெக்சன், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் இந்தச் செவுத்துலதான். மைதா பசை ஜாஸ்தி குடிச்ச செவுரு. நாங்க அதுமேலயே வெள்ளையடிச்சிட்டோம்."

மூன்று வருடம் வெயிலில் காய்ந்தது மைதாவுக்காகவா? சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

பேராசிரியர் பதறிவிட்டார். "போஸ்டர் சமாச்சாரத்த எழுதாத. வர்றவரு செவுத்துலயே கை வைக்கிறியா? பட்டம் போயிடும்." எழுதினேன். நேர்மை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், வீம்புதான். எந்த உயரத்தில் எடுத்தோம் என்று குறிக்காத ஆய்வை நம்ப முடியாது என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

தேர்வு நாளில் வந்தவர் மற்ற அத்தியாயங்களை விறுவிறுவென்று புரட்டிவிட்டுப் போஸ்டர் அத்தியாயத்தில் நின்றுவிட்டார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். என் பேராசிரியர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசை எவ்ளோ ஒசரம் வரைக்கும் இருந்துச்சு?"

"ஒன்பதடி, சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது என் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"நாங்க ஆறடியில எடுத்தோம்மா."